சுலோசனா வீட்டு ரெண்டாவது படி

புயல் வரப்போகிறது என்று ஊரே பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அலைந்த அந்த நாளில், சேக்காட்டில் ஒருத்தி மட்டும் தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தாள்.

சுலோசனா. நாற்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளின் காலர், தோள், கை நீளம் எல்லாவற்றையும் இஞ்சு டேப் வைத்து அளக்க வேண்டும். கால் இஞ்சு கூடினாலும் சட்டையைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவாள். பதினாறு வருடம். கழுத்தில் தொங்கும் டேப்பை வீட்டுக்கு வந்தும் கழற்ற மறந்து, அதோடேயே சோறு வடிப்பாள்.

வீட்டில் அவள் மட்டும்தான். கணவர் சிவராமன் போய் நாலு வருடம் ஆகிறது. மகள் கார்த்திகா கோயம்புத்தூரில் கல்யாணம் ஆகிக் குழந்தையோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் சாயங்காலம் ஆறரைக்குக் கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. நூற்று நாற்பது பேர். அட்மின் ராகவன், முனை வீட்டுக்காரர். சுலோசனா ஆரம்பத்தில் தினமும் காலையில் அதில் ஒரு ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராகவன் எல்லோர் முன்னாலும் எழுதினார்: "மேடம், இது தகவல் குழு. பூவெல்லாம் வேணாம்." யாரோ ரெண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அன்றோடு பூ நின்றது.

ஆனால் மழை வந்தால் கதையே வேறு!

சில வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் வெறுமனே ஒரு வரி எழுதினாள். "எங்க ஊட்ல ரெண்டு படி முங்கிச்சு." அவ்வளவுதான். ஐம்பது பேர் பதில் போட்டார்கள். வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள், ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், "இப்ப எத்தினி படிக்கா?" அவள் வீடு தெருவின் நடுவில் இருந்தது. அதுவே தெருவுக்கு அளவுகோல் ஆகிவிட்டது. ஒரு படி முங்கினால் பைக்குகளை மேட்டுக்கு ஓட்ட வேண்டும். ரெண்டு முங்கினால் பள்ளத்தில் இருக்கிற கடைசி வீட்டு வாசலைத் தண்ணீர் தொடும். மூணு முங்கினால் அந்த வீட்டுக்குள் போய்விடும். தெருவில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அவள்தான். புரட்டாசி பிறந்தாலே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி எங்கே இருக்கிறது என்று போனில் தேட ஆரம்பித்துவிடுவாள். கம்பெனியில் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னா மழைக்கா, இந்த வருசம் லீவு உண்டா, இல்லியா?" அவள் சிரித்துக்கொள்வாள். மழை வந்தால் ஜனங்களுக்கு எத்தனை கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வானம் கறுத்தால் நெஞ்சுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அதை நினைத்து அவளே வெட்கப்பட்டுக்கொள்வாள். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

போன மே மாதம் அவள் வீட்டைத் தூக்கினாள். இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, வீடுகள் எல்லாம் குழிக்குள் இறங்கிவிட்டன. அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, நூல் நூலாகத் திருகி, வீட்டை அப்படியே மூணு அடி மேலே ஏற்றினார்கள். பிறகு வாசலுக்குப் படி கட்ட வந்தவர் வேம்புலி மேஸ்திரி.

"முன்னாடி இருந்த மாரி வெச்சா ஒம்போது படி வரும்மா. கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் பூடும். ஆறுல முடிச்சிர்றேன். கொஞ்சம் ஒசரமா இருக்கும், அவ்ளோதான்."

"உன் இஷ்டம் மேஸ்திரி. சீக்கிரம் முடி" என்றாள்.

அதற்கப்புறம் ஏனோ முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. ஐம்பது நெருங்குகிறதே என்று தைலம் தேய்த்துக்கொண்டாள்.

புயல் அன்று விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் போனது. காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துத் தெருவில் எறிந்தது. யார் வீட்டுத் தகரமோ தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குச் சுலோசனா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முதல் குரல் செய்தியைப் பதிவு செய்தாள். தொண்டை கரகரத்தது, அழித்தாள். காற்றுச் சத்தம் அதிகம், அழித்தாள். மூன்றாவது சரியாக வந்தது.

"சேக்காடு, நம்ம தெரு, மணி ஆறு. காத்து பலமா கீது. தண்ணி அர படி. யாரும் பயப்பட வேணாம். அடுத்தது ஏழு மணிக்குச் சொல்றேன்."

நன்றி, கும்பிடு, கட்டைவிரல். "அக்கா இருக்கும்போது நமக்கு இன்னா கவல." "அக்கா, நீங்க சாப்ட்டிங்களா?" அந்தக் கடைசிக் கேள்வியை அவள் ரெண்டு தரம் படித்தாள். சாப்பிட்டாயா என்று அவளை யாராவது கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

எட்டு மணிக்கு ஜமீலா தனியாகப் போன் செய்தாள். ஜமீலாவுடையதுதான் அந்தக் கடைசி வீடு. முந்தின நாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டப் பூந்தமல்லி போனவள், பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவள் கணவர் ஷஃபியுல்லா மட்டும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு வண்டி இடித்து, வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. எழுந்து கதவைத் திறக்க அவர் சிரமப்படக் கூடாது என்று ஜமீலா வெளியே பூட்டிச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"க்கா, அவரு போன்ல சார்ஜ் சாவப் போவுது. ரெண்டு பாயிண்டு தான் கீதாம். எத்தினி படிக்கா?"

"ஒண்ணு கூட ஆவல ஜமீலா. இப்பத்தான் ஒண்ணத் தொடுது."

"உங்க எதிர் ஃபிளாட்டு விஷ்ணு கேக்குறாப்ல, பாய் அண்ணன இப்பவே தூக்கியாந்து மேல வெச்சுக்கவான்னு. வரச் சொல்லட்டுமா?"

அந்த இடத்தில்தான் அது நடந்தது. சுலோசனா ஒரு நிமிடம் யோசித்தாள். தெருவின் கணக்கு அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் சொல்கிற குரலும் அவளுடையதுதான். அந்தக் குரலில் ஒரு மிடுக்கு ஏறியது.

"கட்டுப் போட்ட கால இந்தக் காத்துல எதுக்கு நனைக்கணும்? ரெண்டு வரட்டும் ஜமீலா. ரெண்டு தொட்டதும் நானே சொல்றேன். நான் பாத்துகினு தானே கீறேன்."

"நீங்க சொன்னா போதும்க்கா" என்றாள் ஜமீலா. ஒன்பது மணிக்கு ஷஃபியுல்லாவின் போன் அணைந்துபோனது.

பத்து மணி, ஒண்ணே கால் படி. பதினொன்று, ஒண்ணரை. கார்த்திகாவிடமிருந்து "சேஃபா மா?" என்று ஒரு செய்தி வந்தது. சுலோசனா நீளமாகப் பதில் எழுதினாள். ஒரு கட்டைவிரல் வந்தது. குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள், பாவம்.

பதினொன்றரைக்கு விஷ்ணு குழுவில் ஒரு படம் போட்டான். திருநெல்வேலிப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, எதிர் ஃபிளாட்டில் முதல் மாடி. கீழே நின்ற பைக்கின் படம். கூடவே ஒரு குரல்.

"ஆன்ட்டி, ஒண்ணரைப் படின்னா சைலன்சர் முங்காதுன்னுதான ராகவன் சார் சொன்னாவ? இங்க சைலன்சர் முங்கிட்டே! உங்க படி என்ன மிதக்கா?"

சிரிக்கிற பொம்மைகள் வந்தன. சுலோசனாவுக்குச் சுருக்கென்றது.

"உன் பில்டிங் பார்க்கிங் பள்ளம் தம்பி. நீ வந்து ஆறு மாசம் ஆவுது. நான் இந்தத் தண்ணிய இருவது வருசமா பாக்குறேன்."

உடனே நாலைந்து பேர் அவள் பக்கம் வந்தார்கள். "சுலோசனாக்கா சொன்னா கரெக்டா தான் இருக்கும்." "தம்பி, அக்கா கிட்ட வெச்சுக்காத." ராகவனே எழுதினார், "படிக்கணக்கு எப்போதும் சரியாக இருந்திருக்கிறது." ராகவனே! அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருட்டு ஹாலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டே காலுக்குத் தண்ணீர் ரெண்டாவது படியின் விளிம்புக்கு வந்தது. சொன்னபடி இனி ஷஃபியுல்லாவை நகர்த்த வேண்டும். "ரெண்டு படி தொட்டாச்சு. கடைசி ஊட்டு வாசலுக்கு இப்ப தண்ணி வந்திருக்கும். விஷ்ணு தம்பி, கீழ வா, பாய தூக்கியாந்துடலாம், நிதானமா வா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று போட்டுவிட்டு, கேட்டைத் திறந்து வைக்கலாம் என்று அவளே இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, முழங்காலைச் சபித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கடைசியில் தரையில் கால் வைத்தாள்.

தண்ணீர் முழங்கால் முட்டியைத் தொட்டது.

அப்படியே நின்றுவிட்டாள். ரெண்டு படித் தண்ணீரில் அவள் எத்தனை தடவை நின்றிருக்கிறாள்! கெண்டைக்கால் வரைதானே வரும். சதை நனையும், முட்டி நனைந்ததே இல்லை. காற்று அவளைத் தள்ளியது. மறுபடி மேலே பார்த்தாள். தண்ணீருக்கு வெளியே நாலு படி. எண்ணினாள். நாலுதான்.

கழுத்தில் டேப் இருந்தது.

மூன்றாவது படியில் அதன் பித்தளை முனையை வைத்துப் பிடித்தாள். ஒன்பது. மறுபடி அளந்தாள். ஒன்பது இஞ்சு. பழைய படிகள் ஒவ்வொன்றும் ஆறு இஞ்சு. சிவராமன் இருந்தபோது அவளே அளந்து சொல்லிக் கட்டியவை. ஆக, இப்போதைய ரெண்டு படி என்றால் பழைய மூணு. கடைசி வீட்டு வாசலைத் தொட்டதோடு அது நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் எப்போதோ உள்ளே போய்விட்டது.

காலர் கால் இஞ்சு கூடினால் கண்டுபிடிக்கிறவள்! தினமும் ஏறி இறங்குகிற சொந்த வீட்டுப் படி மூணு இஞ்சு கூடியதை அவள் கண்டுபிடிக்கவில்லை. முழங்கால் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள்தான் அதற்குத் தைலம் தேய்த்தாள்.

போனை எடுத்தாள். பட்டனை அழுத்தினாள். வாய் தானாக ஒன்று சொன்னது. "தண்ணி திடீர்னு ஏறுது, இப்ப மூணு தொட்டுடுச்சு..." யாருக்கும் தெரியாது. யாரும் வந்து டேப் வைத்துப் பார்க்கப் போவதில்லை. நாளைக்கும் அவள் அக்காவாகவே இருக்கலாம். அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் யாராவது அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

நீங்க சொன்னா போதும்க்கா.

அழித்தாள். மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை தொண்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை.

"சுலோசனா பேசுறேன். காலையில இருந்து நான் சொன்னது எல்லாமே தப்பு. ஊட்டத் தூக்கினப்ப படி ஒசரம் மாறிப்போச்சு. நான் அளக்கல. ரெண்டு படின்னு நான் சொன்னா அது பழைய மூணு. எல்லாரும் அதுக்குத் தக்கின மாரி பண்ணிக்குங்க. ஜமீலா, உன் ஊட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும். நான் போறேன்."

செய்திக்குப் பக்கத்தில் கடிகாரம் சுற்றியது. டவர் இல்லை. அதற்கு முன்னால் போட்டதும் போகவில்லை என்று அப்போதுதான் பார்த்தாள். நூற்று நாற்பது பேரில் ஒருவர் காதிலும் அவள் குரல் விழவில்லை.

"விஷ்ணு! தம்பீ! விஷ்ணு!"

மழையில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்து டணார் டணார் என்று அடித்தாள். எதிர் பால்கனியில் தலை தெரிந்தது.

"என்ன ஆன்ட்டி?"

"என் படி தப்புப்பா! நீ சொன்னது தான் சரி! பாய் உள்ள கீறாரு!"

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

காம்பவுண்டுச் சுவர்களைப் பிடித்துப் பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். சுலோசனா வாசலில் சாத்தியிருந்த ஒட்டடைக் கழியை எடுத்து, அதால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த இடத்தில் கால்வாய் மூடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். பத்து வீட்டைக் கடக்க இருபது நிமிடம் ஆனது. கடைசி வீட்டில் தண்ணீர் அவள் இடுப்பில் நின்றது. மீட்டர் பெட்டியில் சாவி இருந்தது. கதவு தண்ணீரின் கனத்தில் திறக்க மறுத்தது. விஷ்ணு தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

இரும்புக் கட்டிலில் ஷஃபியுல்லா உட்கார்ந்திருந்தார். மெத்தையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக் காலை ரெண்டு தலையணைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"வாங்கக்கா" என்றார், காற்று மாதிரி ஒரு குரலில். "ரெண்டு வந்தா சொல்றேன்னு சொன்னீங்களாம். ஜமீலா சொல்லிச்சு. எந்த ஊர்ல ரெண்டுக்கா இது?"

சுலோசனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன மன்னிச்சிரு பாய். என் தப்பு. தொட்டதும் சொல்றேன்னு சொல்லி..."

"யக்கா, அழுதீங்கன்னா இன்னும் ஒரு இஞ்சு ஏறும். மொதல்ல தூக்குங்க."

விஷ்ணு சிரித்துவிட்டான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சமையலறை வாசலில் மிதந்துகொண்டிருந்தது. அதில் அவரை உட்கார வைத்து, கட்டுக் காலுக்குக் கோணிப்பையைச் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். விஷ்ணுவின் ஃபிளாட்டில் மாடிப்படி ஒடுக்கம், நாற்காலி திரும்பாது. அதனால் சுலோசனா வீட்டுக்கே கொண்டு வந்தார்கள்.

ஆறு படி. ஒவ்வொன்றும் ஒன்பது இஞ்சு. ஒவ்வொரு இஞ்சும் அவள் முழங்காலில் இறங்கியது. நாலாவது படியில் அவளால் முடியவில்லை. நாற்காலியைத் தொடையில் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"மேஸ்திரி யாருக்கா?" என்றார் ஷஃபியுல்லா.

"வேம்புலி."

"கால் சரியாவட்டும். அவன இதுலயே நாப்பது தபா ஏத்தி எறக்குறேன்."

மூன்று மணிக்கு டவர் வந்தது. அவள் செய்தி போய்ச் சேர்ந்தது. ஜமீலாவோடு ஷஃபியுல்லா பேசினார். போனுக்கு அந்தப் பக்கம் கேட்ட அழுகையைச் சுலோசனா அடுப்படியில் நின்று கேட்டாள். போனை அவளிடம் நீட்டியபோது ஜமீலா பேசவில்லை. வெறும் மூச்சுச் சத்தம். அப்புறம் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் ரெண்டு டம்ளர் டீ போட்டாள். அந்த வீட்டில் ரெண்டு டம்ளர் டீ ஆவி பறந்து நாலு வருடம். எதிரே உட்கார்ந்து ஒருவர் "சக்கர கம்மிக்கா" என்று குறை சொன்னார். அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது என்பதே அவளைக் குத்தியது.

குழுவில் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "எங்க ஃபிரிட்ஜ் போச்சு, இவங்க பேச்சக் கேட்டு." "வாசிங் மிசின மேல ஏத்தியிருப்பேன்." "அளக்கத் தெரியலன்னா எதுக்குப் போடணும்?" காலையில் சாப்பிட்டாயா என்று கேட்ட அதே பெயரிலிருந்தும் ஒன்று வந்தது. விஷ்ணு மட்டும் எழுதினான், "தப்புன்னு அவங்களேதான சொன்னாங்க." ராகவன் கடைசியாக வந்தார். "பொறுப்பற்ற தகவல்களைத் தவிர்க்க, இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்."

திரையில், எழுதுகிற பெட்டி இருந்த இடத்தில் அந்த வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

ரெண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. ஜமீலா வந்தாள். சேறு அப்பிய வீட்டைக் கழுவினாள். கணவரை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப்போனாள். சுலோசனாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று சுலோசனா பல நாள் யோசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டுத் தூணைச் சுரண்டி, சுத்தம் செய்து, தரையிலிருந்து டேப்பை நிறுத்தி, வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று அறுபது இஞ்சு வரைக்கும். ஒவ்வொரு ஆறாவது இஞ்சுக்கும் சிவப்பு. பொறுமையாக, கால் இஞ்சு பிசகாமல். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், போனார்கள். அதைப் படம் எடுத்தாள். அனுப்ப இடம் இல்லை. ஜமீலாவுக்கு மட்டும் அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

கார்த்திகை முடிந்தது. மார்கழி வந்தது. கம்பெனி, ரயில், வீடு. டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. வானிலையைத் தேடுவதை அவள் விட்டுவிட்டாள். வானம் வெளுத்துக் கிடந்தது.

பொங்கல் கழித்து, வெயில் காய்ந்த ஒரு சாயங்காலம், கதவைத் திறந்து உள்ளே வந்தவுடன் போன் முனகியது. ஜமீலா.

"க்கா, இப்ப எத்தினி இஞ்சு?"

சுலோசனாவுக்குப் புரியவில்லை. வெளியே வந்து தெருவைப் பார்த்தாள். புழுதி. ஒரு நாய் தூணடியில் சுருண்டு கிடந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று ஆறு படியும் இறங்கிப்போய்த் தூணைப் பார்த்துவிட்டு, டைப் செய்தாள்.

"ஜீரோ."

ரெண்டாவது படி ஏறும்போது பதில் வந்தது.

"அப்ப நடந்தே வர்லாமே. அவரு இன்னிக்கு கட்டப் பிரிச்சுகினு வந்துட்டாரு. அக்காவ கூப்புடு, சக்கர போட்ட டீன்னா இன்னான்னு காட்டலாம்ன்றாரு. வாங்க."

அவள் வீட்டைப் பூட்டவில்லை. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றவும் இல்லை. பத்து வீட்டைக் கடக்க அன்றைக்கு ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை.